கால்ஹூன், கால்டுவெல், கேம்பெல்: ஸ்காட்ஸ்-ஐரிஷ் குடும்பப் பெயரின் தடத்தைப் பின்னோக்கித் தேடும் முழு வழிகாட்டி

தமிழ் படித்த எவருக்கும் கால்டுவெல் என்ற பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1838இல் சென்னையில் வந்திறங்கி, பின்னர் நெல்லைச் சீமையின் இடையன்குடியில் நிலைகொண்டு, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட ராபர்ட் கால்டுவெல், 1814இல் அயர்லாந்தின் வடகிழக்கே ஆன்ட்ரிம் கவுண்டியில், கிளேடி என்னும் சிற்றூரில், பிரெஸ்பிட்டேரியன் என்னும் புராட்டஸ்டண்டுப் பிரிவைச் சேர்ந்த ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். அதே குடும்பப் பெயர் அட்லாண்டிக்கின் மறுகரையிலும் ஒரு வீட்டில் இருந்தது. 1825 முதல் 1832 வரை அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவரும், அடிமை முறை நல்லதே என்று செனட்டில் கூசாமல் வாதாடியவருமான ஜான் சி. கால்ஹூனின் பெயருக்கு நடுவே நிற்கும் 'சி', அவருடைய தாய் மார்த்தாவின் பிறந்த வீட்டுப் பெயரான கால்டுவெல்லைக் குறிக்கும். பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து இவ்விரு கால்டுவெல் வீடுகளையும் பங்காளிகளாக்கிவிட முடியாது. அப்படி ஆக்கிவிடுவதுதான் இந்தத் துறையில் புதிதாக நுழைபவர்கள் செய்யும் முதல் தவறு.

அமெரிக்காவில் மணம் முடித்த பிள்ளைகளின் சம்பந்தி வீட்டார் 'நாங்கள் ஸ்காட்ஸ்-ஐரிஷ்' என்று சொல்லக் கேட்டு, அது ஸ்காட்லாந்தா அயர்லாந்தா என்று குழம்பிய தமிழர்கள் பலர் இருப்பார்கள். ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்தின் வடக்கே குடியேறி, சில தலைமுறைகளுக்குப் பின் அமெரிக்கா சென்றவர்களின் வழியினரே அவர்கள். பேரப்பிள்ளைகளுக்காகவோ நண்பருக்காகவோ அந்தக் குழப்பத்தைத் தீர்க்க முற்படுபவருக்காக இது எழுதப்படுகிறது. நம்மிடையே தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாகி ஒரு தலைமுறையோடு மாறிவிடும். அவர்களிடையே குடும்பப் பெயர் முந்நூறு, நானூறு ஆண்டுகள் நிற்கும். மாறுவது அதன் எழுத்து மட்டுமே. ஆகவே தேடல் எளிது என்று தோன்றும். உண்மையில் பெயரை நங்கூரமாக நம்பித் தேடுபவர் வழி தவறுகிறார். ஊரையும், சபையையும், அக்கம்பக்கத்தாரையும் பிடித்துக்கொண்டு போகிறவரே கரை சேர்கிறார்.

தேடலுக்கு முன் தெரிந்திருக்க வேண்டிய வரலாறு

அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் என்னும் மாகாணத்தில் ஒன்பது கவுண்டிகள் உள்ளன. அவற்றில் ஆன்ட்ரிம், டவுன், அர்மா, லண்டன்டெரி, டைரோன், ஃபெர்மனா ஆகிய ஆறும் இன்று வட அயர்லாந்தில் அடங்கும். டொனிகால், கேவன், மொனஹன் ஆகிய மூன்றும் அயர்லாந்துக் குடியரசில் உள்ளன. 1606இல் ஹியூ மான்ட்கோமரியும் ஜேம்ஸ் ஹாமில்டனும் தங்கள் சொந்த முயற்சியில் டவுன், ஆன்ட்ரிம் பகுதிகளில் ஸ்காட்லாந்துக் குடியானவர்களைக் கொண்டுவந்து குடியேற்றத் தொடங்கினர். 1607இல் டைரோன், டிர்கானல் பிரபுக்கள் நாட்டைவிட்டு வெளியேறிய பிறகு, 1609 முதல் அரசே ஆறு கவுண்டிகளின் நிலத்தைப் பறித்து ஆங்கிலேயருக்கும் ஸ்காட்லாந்தியருக்கும் பங்கிட்டது. இதில் பலரும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு: ஆன்ட்ரிமும் டவுனும் அந்த அரசுத் திட்டத்தில் சேரவில்லை, ஆனாலும் ஸ்காட்லாந்தியர் மிக நெருக்கமாகக் குடியேறியது அங்கேதான். அதற்குப் பிறகும் குடியேற்றம் ஓயவில்லை. 1690களில் ஸ்காட்லாந்தைத் தொடர் பஞ்சம் வாட்டியபோது வந்தவர்கள் ஏராளம். எனவே 'எங்கள் முன்னோர் 1610இல் வந்தார்கள்' என்று வீட்டில் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இரு கரைகளையும் பிரிக்கும் கடல் மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 20 கிலோமீட்டரே. போக்குவரத்து இரு பக்கமும் நடந்தது. ராபர்ட் கால்டுவெல்லே சிறுவனாக இருக்கும்போது குடும்பத்துடன் கிளாஸ்கோவுக்குத் திரும்பியவர்தான்.

இவர்களின் பேரர்கள் அல்ஸ்டரைவிட்டு ஏன் கிளம்பினார்கள் என்பதும் தேடலுக்குப் பயன்படும், ஏனெனில் காரணம் தெரிந்தால் காலம் தெரியும். 1704ஆம் ஆண்டுச் சட்டம், அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் அயர்லாந்துத் திருச்சபையின் முறைப்படி நற்கருணை பெறாதவர் அரசுப் பதவி வகிக்க முடியாது என்று ஆக்கியது. பிரெஸ்பிட்டேரியர் தங்கள் போதகருக்கும் கொடுத்து, தாங்கள் சேராத திருச்சபைக்கும் தசமபாகம் கொடுத்தனர். குத்தகைக் காலம் முடிந்தபோது நிலவுடைமையாளர்கள் குத்தகையை உயர்த்தினர். வறட்சியும் சேர்ந்துகொள்ள, 1718இல் ஐந்து கப்பல்கள் பாஸ்டனுக்குப் புறப்பட்டன. அதன்பின் 1740-41 பஞ்சம், 1770களின் தொடக்கத்தில் லினன் துணித் தொழிலின் சரிவு என்று ஒவ்வொரு நெருக்கடியும் ஓர் அலையை எழுப்பியது. 1775இல் அமெரிக்கப் போர் தொடங்கும் வரை கடல் கடந்தவர்களின் தொகையை வரலாற்றாசிரியர்கள் ஒரு லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை வெவ்வேறாக மதிப்பிடுகிறார்கள். ஒரு துணைச்செய்தி: அல்ஸ்டரில் தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள் தங்களை 'அல்ஸ்டர் ஸ்காட்ஸ்' என்றே சொல்லிக்கொள்வர். 'ஸ்காட்ஸ்-ஐரிஷ்', 'ஸ்காட்ச்-ஐரிஷ்' என்பவை அமெரிக்க வழக்கு. பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் எழுதுபவர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

முதல் படி: வீட்டிலிருந்து 1850 வரை

உயிரோடிருக்கும் மூத்தவரிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். குடும்ப பைபிளின் முன்பக்கத்தில் எழுதிய பிறப்பு இறப்புக் குறிப்புகள், கல்லறைக் கல்வெட்டுகள், பழைய கடிதங்கள் ஆகியவற்றைப் படமெடுத்துக்கொண்ட பின், அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குச் செல்லலாம். வீட்டிலுள்ள சுதந்திரமான மனிதர் அனைவரின் பெயரையும் முதன்முதலில் எழுதியது 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு; 1880ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஒவ்வொருவரின் தாய் தந்தையர் பிறந்த இடத்தையும் கேட்டது. 1890ஆம் ஆண்டுத் தாள்கள் 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தின் விளைவாகப் பெரும்பாலும் அழிந்துவிட்டதால், அங்கே இருபது ஆண்டு இடைவெளி விழும். இவை அனைத்தையும் ஃபேமிலிசர்ச் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். இந்தப் படி பெரும்பாலும் சில வார வேலைதான். இதில் நேரத்தை இழுக்க வேண்டாம்.

இரண்டாம் படி: 1850க்கு முந்தைய இருட்டு

1790 முதல் 1840 வரையிலான கணக்கெடுப்புகள் வீட்டுத் தலைவரின் பெயரை மட்டும் எழுதி, மற்றவர்களை வயது வாரியாக எண்ணிக்கையாக்கிவிட்டன. ஒரே கவுண்டியில் நான்கு ஜான் கேம்பெல்கள் இருந்தால், எவர் நம்மவர் என்று அந்தத் தாள் சொல்லாது. இங்கேதான் உயில்களும், கிரயப் பத்திரங்களும், நீதிமன்றக் குறிப்பேடுகளும் தேவைப்படுகின்றன. இந்தப் படியில் எத்தனை மாதம் செலவழித்தாலும் தகும்.

ஒரு கிரயப் பத்திரத்தைக் கையில் எடுத்தால், நம் முன்னோரின் பெயரைக் கண்டவுடன் மூடிவிடாமல் கடைசி வரி வரை படிக்க வேண்டும். நிலத்தின் எல்லையைச் சொல்லும்போது அது ஒரு வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, ஓடையைக் கடந்து, இன்னாருடைய எல்லைக்கோட்டோடு ஒட்டி நடந்து மறுபடி அதே மரத்துக்கு வரும். அந்த 'இன்னார்' தான் பக்கத்து வீட்டுக்காரர். கீழே கையெழுத்திட்ட சாட்சிகள் பெரும்பாலும் மைத்துனரோ, மருமகனோ, ஒரே சபையைச் சேர்ந்தவரோ ஆவர். நம் பத்திரங்களில் கிழக்கே இன்னார் நிலம், மேற்கே பொது வாய்க்கால் என்று நாற்புற எல்லை எழுதிப் பழகிய தமிழருக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். வர்ஜீனியாவின் கவுண்டி நீதிமன்றங்கள் சாலை போடுவதற்கும் அந்தந்த வழியோரத்து ஆண்களைப் பெயர் சொல்லி நியமித்தன. அப்படிப்பட்ட ஓர் ஆணை, 1740களின் ஒரு கிராமத்தை வீடு வீடாக வரிசைப்படுத்திக் காட்டிவிடும். ஒகஸ்டா கவுண்டியின் நீதிமன்ற ஆவணங்களை லைமன் சாக்லி சுருக்கி எடுத்த மூன்று தொகுதிகள் 1912இல் அச்சாயின. அவற்றைத் தேடுகருவியாகக் கொள்ளலாம், ஆனால் சுருக்கத்தில் விடுபட்டது மூலத்தில் இருக்கும் என்பதால் மூலப் படிவத்தைப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

இரண்டு ஆவணங்களைத் தனியே சொல்ல வேண்டும். 1740இல் வர்ஜீனியாவின் ஆரஞ்சு கவுண்டி நீதிமன்றத்தில், நில உரிமை பெறுவதற்காகப் பல குடியேறிகள் தாங்களும் தங்கள் மனைவி மக்களும் அயர்லாந்திலிருந்து பிலடெல்பியா வந்து, அங்கிருந்து சொந்தச் செலவில் இந்தக் குடியேற்றத்துக்கு வந்ததாக ஆணையிட்டுச் சொன்னார்கள். பிள்ளைகளின் பெயர்கள் உட்படக் குறிப்பேட்டில் ஏறியிருக்கின்றன. மற்றொன்று, 1832ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் கீழ் அமெரிக்க விடுதலைப் போர்வீரர்கள் கொடுத்த மனுக்கள். எங்கே எந்த ஆண்டில் பிறந்தீர், படையில் சேரும்போது எங்கே குடியிருந்தீர், போருக்குப் பின் எங்கெங்கே வாழ்ந்தீர் என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. எழுபது எண்பது வயதுக் கிழவர்கள் வாய்மொழியாகச் சொன்ன விடைகள், வேறெங்கும் கிடைக்காத இடப்பெயர்வு வரலாறாக நிற்கின்றன.

மூன்றாம் படி: வண்டிப் பாதையில் பின்னோக்கி நடப்பது

பெரும்பாலான குடும்பங்கள் டெலவர் ஆற்றங்கரைத் துறைமுகங்களான பிலடெல்பியா, செஸ்டர், நியூகாசில் ஆகியவற்றில் இறங்கின. கடலோர நிலம் ஏற்கெனவே பிறர் கையில் இருந்ததால் மேற்கே லங்காஸ்டர் பக்கம் போயின. அங்கும் நிலம் விலையேறியபோது, யார்க், வின்செஸ்டர், ஸ்டான்டன், ரோனோக், சாலிஸ்பரி என்று தென்மேற்காக ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிய பெரும் வண்டிப் பாதையில் நகர்ந்தன. 1736இல் பெவர்லி மேனர் என்று அழைக்கப்பட்ட 1,18,491 ஏக்கர் நிலம் ஷெனன்டோவா பள்ளத்தாக்கில் விற்பனைக்கு வந்தது, அந்த நகர்வை விரைவுபடுத்திய பெரிய காரணம். 1775க்குப் பிறகு கம்பர்லாந்து கணவாய் வழியாகக் கென்டக்கிக்கும் டென்னசிக்கும் மக்கள் ஏறினர்.

கால்ஹூன் குடும்பம் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. துணைக் குடியரசுத் தலைவரின் தந்தை பேட்ரிக் கால்ஹூன் டொனிகாலில் பிறந்து, 1733இல் சிறுவனாகப் பென்சில்வேனியா வந்து சேர்ந்தார். 1740களில் குடும்பம் வர்ஜீனியாவின் ரீட் கிரீக் ஓடைக்கரையில் இருந்தது. எல்லைப்புறத் தாக்குதல்களுக்கு அஞ்சி, 1756இல் தென் கரோலைனாவின் லாங் கேன்ஸ் பகுதிக்குப் பெயர்ந்தது. அங்கும் அமைதி கிட்டவில்லை. 1760 பிப்ரவரி 1 அன்று, வண்டிகளில் பாதுகாப்பான இடம் நோக்கித் தப்பிச் சென்றுகொண்டிருந்த குடியேறிகளைச் செரோக்கி வீரர்கள் தாக்கினர். பேட்ரிக்கின் தாயான 76 வயது கேதரின் கால்ஹூனும் வேறு 22 பேரும் கொல்லப்பட்டதாக அந்த இடத்தில் பேட்ரிக் நாட்டிய கல் சொல்கிறது. மூதாட்டியின் வயதைக் கல்லில் பொறித்தது மகனின் துக்கம். நமக்கோ அது அவருடைய பிறப்பாண்டைக் கணிக்க உதவும் சான்று. செரோக்கியருக்கும் அந்த ஆண்டில் சொல்ல வேண்டிய துக்கங்கள் இருந்தன என்பதையும், அவை எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை என்பதையும் ஆய்வாளர் மறக்கலாகாது.

இந்த வரலாற்றைத் தென் கரோலைனாவிலிருந்து பின்னோக்கித் தேடும் ஒருவர் ரீட் கிரீக்கில் தடுமாறுவார். அந்த ஓடை இன்று வைத் கவுண்டியில் ஓடுகிறது. ஆனால் வைத் கவுண்டி 1790இல்தான் பிறந்தது. 1750இல் அங்கே நிலம் வாங்கியவரின் ஆவணம், ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்கு அப்பால், ஒகஸ்டா கவுண்டியின் தலைநகரான ஸ்டான்டனில் இருக்கும். ஒருவர் அதே பண்ணையில் அசையாமல் நாற்பது ஆண்டுகள் இருந்திருந்தால், அவருடைய ஆவணங்கள் ஒகஸ்டா, பாட்டடாட், ஃபின்காசில், மான்ட்கோமரி, வைத் என்னும் ஐந்து கவுண்டிகளில் சிதறிக் கிடக்கும். நம் ஊர் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போனபோது எவரும் வீடு மாறவில்லை அல்லவா? எனவே ஒவ்வோர் ஊருக்கும் 'இந்த ஆண்டில் இது எந்தக் கவுண்டி' என்னும் அட்டவணை ஒன்றைப் போட்டுக்கொண்ட பின்னரே ஆவணங்களைக் கேட்க வேண்டும்.

கால்டுவெல் வீட்டிலும் இதே போன்ற பதிவு உண்டு. 1738இல் ஜான் கால்டுவெல் என்பவர், தம் மக்கள் வர்ஜீனியாவில் குடியேறித் தங்கள் முறைப்படி வழிபடத் தடையிருக்கக் கூடாது என்று வேண்ட, பிரெஸ்பிட்டேரியத் திருச்சபையின் பேரவையான பிலடெல்பியா சினாட் அவர்கள் சார்பில் ஆளுநர் வில்லியம் கூச்சுக்கு எழுதியது. தனிமனிதராக அவரைத் தேடினால் கிடைப்பது சொற்பம். சபையாகத் தேடினால் ஒரு கூட்டமே கிடைக்கிறது. போதகர் போன வழியே சபையும் போனது என்பதால், பிலடெல்பியாவிலுள்ள பிரெஸ்பிட்டேரியன் வரலாற்றுச் சங்கத்தின் சேகரிப்பை இந்தக் கட்டத்தில் அணுகுவது பயன் தரும்.

நான்காம் படி: கப்பல் பட்டியலைத் தேடி அலையாதிருப்பது

'எந்தக் கப்பலில் வந்தார்கள்?' என்பதே எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. பெரும்பாலோருக்கு இதற்கு விடை கிடையாது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு பயணிகள் பட்டியலைக் கட்டாயமாக்கியது 1820 முதலே. பென்சில்வேனியாவில் 1727இலிருந்து பட்டியல்கள் இருக்கின்றனவே என்பார்கள். அவை ஜெர்மானியர் போன்ற அயல்நாட்டார் விசுவாசப் பிரமாணம் எடுத்ததன் பதிவுகள். அல்ஸ்டர் மக்கள் ஏற்கெனவே பிரிட்டிஷ் மன்னரின் குடிகளாக இருந்ததால் அவர்களிடம் எவரும் பிரமாணம் கேட்கவில்லை, பெயரும் எழுதவில்லை. ஒரு கப்பலின் பெயரோடு முழுக் குடும்பத்தையும் இணைத்துக்காட்டும் இணைய மரங்கள் பலவற்றில் அந்தக் கப்பலுக்கு ஆதாரமே இருக்காது.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. ஆகடோவி ஊரின் போதகர் ஜேம்ஸ் மெக்ரெகர் தலைமையில் 1718இல் சென்றவர்கள் நியூ ஹாம்ப்ஷயரின் நட்ஃபீல்டில் குடியேறி, அதற்கு லண்டன்டெரி என்று பெயரிட்டார்கள். அந்த ஊரின் பதிவுகள் நன்றாகவே எஞ்சியுள்ளன. தென் கரோலைனாவோ, 1761ஆம் ஆண்டுச் சட்டப்படி புராட்டஸ்டண்டுக் குடியேறிகளுக்கு ஊக்கத்தொகை கொடுத்தது. பணம் கொடுத்த இடத்தில் கணக்கு இருக்கும் அல்லவா? அந்த மாநில ஆட்சிமன்றக் குறிப்பேடுகளில் வந்தவர்களின் பெயரும், பல இடங்களில் கப்பலின் பெயரும் உள்ளன. 1772இல் போதகர் வில்லியம் மார்ட்டினோடு ஐந்து கப்பல்களில் சார்ல்ஸ்டன் வந்தவர்களையும் ஒரு கூட்டமாகத் தொடர முடியும்.

கப்பல் கிடைக்காவிட்டாலும் துறைமுகத்தை ஊகிக்கலாம். அல்ஸ்டரின் லினன் தொழிலுக்கு வேண்டிய ஆளி விதை பெரும்பாலும் பிலடெல்பியாவிலிருந்து வந்தது. விதையை இறக்கிய கப்பல் திரும்பும்போது ஆட்களை ஏற்றியது. லண்டன்டெரி, பெல்ஃபாஸ்ட், லார்ன், நியூரி, போர்ட்ரஷ் ஆகிய துறைகளிலிருந்து புறப்படும் கப்பல்களின் விளம்பரங்கள் 1737இல் தொடங்கிய பெல்ஃபாஸ்ட் நியூஸ்லெட்டரில் வெளிவந்தன. டொனிகால், மேற்கு டைரோன் மக்கள் லண்டன்டெரியில் ஏறியிருப்பார்கள் என்று கொள்வது நியாயமான ஊகம். ஊகம் என்று குறித்துவைத்தால் போதும்.

ஐந்தாம் படி: பெயரைப் பிரித்துப் பார்ப்பது

கால்ஹூன் என்ற பெயரின் தாய்வடிவம் ஸ்காட்லாந்தில் லோக் லோமண்ட் ஏரிக்கரையிலுள்ள லஸ் ஊரின் பிரபுக்கள் தாங்கிய பெயர். அங்கே அதை எழுதுவது சி-ஓ-எல்-கியூ-யூ-எச்-ஓ-யூ-என் என்று ஒன்பது எழுத்துகளில். சொல்வதோ 'கஹூன்' என்று. காதால் கேட்டு எழுதிய குமாஸ்தாக்கள் கியூவை முதலில் கைவிட்டார்கள். டைரோன், லண்டன்டெரி பகுதிகளில் இன்றும் சி-ஓ-எல்-எச்-ஓ-யூ-என் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். தென் கரோலைனாவில் ஓ போய் ஏ வந்தது. வேறு சிலர் ஒலியை அப்படியே பிடித்து சி-ஏ-எச்-ஓ-ஓ-என் என்று எழுதிக்கொண்டார்கள். தேடுபொறியில் ஒரே ஓர் எழுத்துக்கோவையை மட்டும் இட்டுத் தேடுபவருக்கு இவர்களில் கால்வாசிப் பேர்கூடத் தட்டுப்பட மாட்டார்கள். ஆகவே தொடங்கும் முன், அந்தப் பெயரை அதன் ஊர்க்காரர் ஒருவர் எப்படி உச்சரிப்பார் என்று கேட்டு, அந்த ஒலியை எத்தனை விதமாக எழுத முடியும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பெயரின் முன் வரும் 'மெக்' ஓர் ஆவணத்தில் இருந்து அடுத்ததில் காணாமற்போவதும் சாதாரணமே.

எழுத்து மாறுவதைவிடப் பெரிய பொறி, ஒரே பெயருக்கு இரு வேர் இருப்பது. கேம்பெல் என்றால் ஸ்காட்லாந்தின் ஆர்கைல் என்று உடனே முடிவுகட்டுவோம். டைரோனில் மாக் கஹ்வீல் என்னும் பழைய ஐரிஷ் குலத்தாரும் ஆங்கிலத்தில் கேம்பெல் ஆனார்கள். கென்னடி ஸ்காட்லாந்தின் எயர்ஷயரிலும் உண்டு, அயர்லாந்தின் மன்ஸ்டரிலும் உண்டு. மெக்கவன் என்ற ஐரிஷ் பெயரின் பொருள் கொல்லன் மகன் என்பதால், கேவன் பகுதியில் பலர் ஸ்மித் என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். ஓ கிளேரி குலத்தார் கிளார்க் ஆனார்கள். இதற்கு நேர்மாறாக, ஃபெர்மனாவில் ஆம்ஸ்ட்ராங், எலியட், ஜான்ஸ்டன் என்ற பெயர்கள் குவிந்திருந்தால், 1603க்குப் பின் மன்னர் ஜேம்ஸ் ஒடுக்கிய ஸ்காட்லாந்து-இங்கிலாந்து எல்லைப்புறக் கொள்ளைக் குடும்பங்களின் வழி அது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். எந்தப் பெயராயினும், குடும்பம் எந்தச் சபையைச் சேர்ந்தது என்பதையும் எந்த ஊரில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்த பிறகே வேர் எது என்று சொல்ல முடியும்.

பிள்ளைகளின் முதற்பெயர்களும் துணைக்கு வரும். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர், மூன்றாமவனுக்குத் தந்தையின் பெயர். மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர் என்ற வழக்கம் இவர்களிடையே பரவலாக இருந்தது. பேரன் என்ற சொல்லுக்குள்ளேயே பெயரை வைத்திருக்கும் நமக்கு இது புதிதல்ல. ஆனால் இது வழக்கமே தவிரச் சட்டமல்ல. குறிப்பாக மட்டும் பயன்படுத்த வேண்டும்.

ஆறாம் படி: அல்ஸ்டரில் ஓர் ஊரைப் பிடிப்பது

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புத் தாள்களின் பெரும்பகுதி, பல நூற்றாண்டு உயில்கள், அயர்லாந்துத் திருச்சபையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வட்டார (பாரிஷ்) பதிவேடுகள் ஆகியவை அதில் போயின. மற்றவற்றுக்குத் தீயைக் குறை சொல்ல முடியாது. 1861, 1871 தாள்களை அரசே முன்னதாக அழித்தது, 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன. அயர்லாந்து முழுவதற்கும் முழுமையாகக் கிடைப்பவை 1901, 1911 ஆகிய இரண்டே; இவை அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். பிரெஸ்பிட்டேரியன் பதிவேடுகள் டப்ளினுக்கு அனுப்பப்படாமல் சபைகளிலேயே இருந்ததால் தப்பின. ஆனால் அவற்றில் பல 1820க்குப் பிறகே தொடங்குகின்றன. நம் குடும்பம் கப்பலேறியதோ அதற்கு நூறாண்டு முன்பு.

எனவே எஞ்சியுள்ள பட்டியல்களைக் கொண்டு பெயர் எங்கெங்கே குவிந்திருந்தது என்ற வரைபடம் ஒன்றை வரைய வேண்டும். 1630 வாக்கில் எடுத்த படைதிரட்டுப் பட்டியல், 1660களின் அடுப்பு வரிப் பட்டியல், 1740ஆம் ஆண்டின் புராட்டஸ்டண்டு வீட்டுத் தலைவர் பட்டியல், 1766ஆம் ஆண்டின் சமயக் கணக்கு, ஆளி பயிரிட்டவர்களுக்கு நூற்புச் சக்கரம் கொடுத்ததால் உருவான 1796ஆம் ஆண்டுப் பட்டியல், 1823 முதல் 1837 வரையிலான தசமபாகப் பேரேடுகள், அதன்பின் வந்த கிரிஃபித் நில மதிப்பீடு ஆகியவை இதற்கு உதவும். எல்லாக் கவுண்டிக்கும் எல்லாம் கிடைக்காது. இவற்றில் பல, பெல்ஃபாஸ்டிலுள்ள வட அயர்லாந்துப் பொது ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அதன் தளத்தில் பெயர் கொண்டே தேடலாம். எரிந்துபோனவற்றின் நகல்களை உலகெங்குமிருந்து திரட்டும் மெய்நிகர் ஆவணக் கருவூலம் 2022இல் திறக்கப்பட்டது; பழைய நூல்களை நம்பி 'அது எரிந்துவிட்டது' என்று கைவிட்டவர்கள் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

தேடலின் இலக்கு கவுண்டி அன்று, டவுன்லேண்ட். அயர்லாந்து 60,000க்கும் மேற்பட்ட டவுன்லேண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. நம் வருவாய்க் கிராமத்தைவிடச் சிறிய, சில நூறு ஏக்கர் பரப்புள்ள அலகு அது. அமெரிக்க உயிலிலோ கல்லறையிலோ ஓர் இடப்பெயர் கிடைத்தால், 1851ஆம் ஆண்டு டவுன்லேண்டு அகரவரிசையில் அதைத் தேடி, எந்த வட்டாரம், எந்தப் பாரனி (கவுண்டிக்குள் இருந்த பழைய நிலப் பிரிவு) என்று குறித்துக்கொள்ளலாம். அதன்பின் பண்ணை ஆவணங்கள். 1708இல் நிறுவப்பட்ட டப்ளின் பத்திரப் பதிவகத்திலும், அபர்கார்ன் போன்ற பெரும் பண்ணைகளின் தாள்களிலும் 'மூன்று உயிர்க் குத்தகை' என்ற ஒன்று வரும். பெயர் குறிப்பிட்ட மூவரில் கடைசி ஆள் சாகும் வரை குத்தகை செல்லும் என்பதால், குடியானவர் தம் சின்னஞ்சிறு பிள்ளைகளின் பெயரையே அதில் எழுதச் செய்தார். ஞானஸ்நானப் பதிவேடு இல்லாத காலத்தில், 'மகன் ஜேம்ஸ், வயது 6' என்பது போன்ற ஒரு வரி கிடைத்தால் அது பிறப்புச் சான்றிதழுக்குச் சமம்.

கால்ஹூன் பெயரைப் பொறுத்தவரை, டொனிகாலின் கிழக்கே லாகன் சமவெளியில் போர்ட்லாக் பகுதியில் லஸ் பிரபுவுக்கு 1,000 ஏக்கர் ஒதுக்கப்பட்டதாகக் குடியேற்ற ஆவணங்கள் காட்டுகின்றன. 1618-19இல் நிக்கோலஸ் பின்னார் என்பவர் எடுத்த ஆய்விலும் அது இடம்பெறுகிறது. பிரபுவின் பெயர் கொண்ட குடியானவர்கள் அங்கே இருந்ததில் வியப்பில்லை. அவர்களெல்லாம் பிரபுவின் இரத்த உறவினர் என்று கொள்வதுதான் பிழை. தலைவரின் பெயரைக் குடிகள் சூடிக்கொள்வது ஸ்காட்லாந்தில் வழக்கமாக இருந்தது.

ஏழாம் படி: ஸ்காட்லாந்தும் மரபணுவும்

ஸ்காட்லாந்தின் பழைய வட்டாரப் பதிவேடுகளும், பதினாறாம் நூற்றாண்டிலிருந்து தொடங்கும் உயில் ஆவணங்களும் ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் என்னும் அரசுத் தளத்தில் கிடைக்கும். ஆனால் 1610இலோ 1690இலோ கடல் தாண்டிய ஒரு கூலி விவசாயியின் பெயர் அவற்றில் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பல வட்டாரங்களில் பதிவேடே அதற்குப் பின்தான் தொடங்குகிறது. ஊரைத் தெரிந்துகொள்ளாமல், பெயர் பொருந்தும் ஒரு ஞானஸ்நானத்தைப் பிடித்து மரத்தில் ஒட்டவைப்பது இந்தப் படியில் நிகழும் பெருங்கேடு.

ஆவணம் நின்றுவிடும் இந்த இடத்தில் ஒய் குரோமோசோம் சோதனை உதவுகிறது. அது குடும்பப் பெயரைப் போலவே தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்வது. ஆகவே அந்தப் பெயரைத் தாங்கிய ஆண் ஒருவரே சோதனை கொடுக்க வேண்டும். ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ நிறுவனத்தில் ஒரே பெயருடையோர் கூடி ஒப்பிடும் குழுக்கள் இருக்கின்றன. தென் கரோலைனா கால்ஹூன் ஒருவரும், டைரோனில் இன்றும் வாழும் அதே பெயர்க்காரர் ஒருவரும், லஸ் ஊர்க் கிளையினர் ஒருவரும் ஒரே தொகுதியில் பொருந்தினால், மூன்று கரைகளையும் இணைக்கும் பாலம் கிடைக்கும். பொருந்தாவிட்டால் தத்து, தாயின் பெயரைச் சூட்டிக்கொள்ளுதல், தலைவரின் பெயரை ஏற்றல் என்று பல காரணம் இருக்கலாம். அதைக் குடும்பத்தாரிடம் சொல்லும்போது நிதானம் வேண்டும். தாய்வழி, தந்தைவழி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும், பொதுவாக விற்கப்படும் தன்குரோமோசோம் சோதனையோ நான்கைந்து தலைமுறைக்கு அப்பால் நம்பகத்தன்மையை இழந்துவிடும். அதன் 'இனக்கூறு விழுக்காடு' ஸ்காட்லாந்தியரையும் அல்ஸ்டர்காரரையும் பிரித்தறிய ஏறத்தாழ உதவாது.

மரத்தை எழுதும்போது ஒவ்வொரு தலைமுறைக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும்: ஆவணம் உள்ளது, சுற்றுச்சான்றால் கொள்ளப்பட்டது, ஊகம். பேட்ரிக் கால்ஹூனுக்கு நேரே 'ஆவணம்' என்று எழுதலாம். 1733க்கு முன் டொனிகாலில் இருந்த தலைமுறைக்கு 'சுற்றுச்சான்று'. லஸ் ஏரிக்கரைக்கு நேரே, மரபணு முடிவு வரும் வரை, 'ஊகம்' என்று பென்சிலால் எழுதிவைத்தால் போதுமானது.